இரண்டாவது இலை

காணும் பொங்கலுக்குத் தீவுக்குப் போகலாம் என்று ஜெயராஜ் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு மெட்ராஸ்காரன் எல்லாம் கடற்கரைக்குப் போவான், மிருகக்காட்சி சாலைக்குப் போவான். இவன் மட்டும் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில் குருவித்திட்டு என்று ஒரு தீவு இருக்கிறது, இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது, பறவை கூட்டம் கூட்டமாக இறங்குகிறது, இரண்டு நாள் ஜாலியாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று ஒரு வாரமாகக் காதில் ஓதினான். செலவு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னான். தன் டப்பில் அடுத்தவனுக்கு ஒரு டீ வாங்கித் தருகிற ஆளில்லை அவன். அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். இறால் என்று கேட்டதும் என் மூளை வேலையை நிறுத்திவிட்டது.

அது எழுபத்து மூன்றாம் வருஷம். நாங்கள் மூன்று பேரும் எண்ணூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தோம். நான் துளசிராமன், ஃபிட்டர். ஊர் தேர்வாய் கண்டிகை. வீட்டில் நெல், மாடு எல்லாம் உண்டு. ஜெயராஜ் வயர்மேன். அப்பா அம்மா யாரென்று தெரியாமல் பாதிரியார் ஒருவர் நடத்திய விடுதியில் வளர்ந்தவன். மூன்றாமவன் எம்பார், மின் நிலைய ஸ்டோரில் கிளார்க். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை.

வள்ளூரில் ஓட்டு வீடு ஒன்றை மூன்று பேருமாக வாடகைக்கு எடுத்திருந்தோம். கூரை ஒன்று, அடுப்பு இரண்டு. எம்பார் காலையில் குளித்து, ஈர வேட்டியோடு தன் ஸ்டவ்வில் தானே பொங்கி, பெருமாள் படத்துக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவான். எங்கள் பானைத் தண்ணீரைக்கூடத் தொட்டதில்லை. கேண்டீன் டீயும் கிடையாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் இல்லை.

"யோவ் ஐயரே, எங்க பானையில இன்னா வெஷமா கலக்கி வெச்சிருக்கோம்?" என்பேன்.

"ஐயர் இல்லைடா, ஐயங்கார். எத்தனை தரம் சொல்றது," என்பான். அதோடு சரி. அவனுக்குக் கோபமே வராது. கோபம் வராத மனிதர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஜெயராஜ் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தபோது பத்தியச் சோறு பொங்கிப் போட்டதும், வாந்தியை அள்ளிக் கொட்டியதும் அந்த ஐயங்கார்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டு மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசி முடித்துவிட்டு, மறுநாள் காலையில் பொன்னேரி ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். அவர்கள் இருவரும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். எம்பாரின் தோளில் பெரிய மூட்டை. ஒரு அடுக்கில் புளியோதரை, ஒரு அடுக்கில் தயிர் சாதம், வடாம், ஊறுகாய், கூஜா நிறையத் தண்ணீர். இரண்டு நாளைக்கு அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வானாம். எனக்கென்ன, இறாலில் ஒரு பங்கு மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் பிடித்துப் பழவேற்காடு போனோம். முதலில் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்தோம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருந்தார்கள். ஒன்று தலைக்குக் கை கொடுத்துக்கொண்டு, சம்பளம் வராத கடைசி வாரத்து ஆள் மாதிரி நின்றது. நான் அதன் பக்கத்தில் அதேபோல நின்று காட்டினேன். ஜெயராஜ் வயிறு வலிக்கச் சிரித்தான். வெளியே வந்ததும் எம்பார் சட்டையைக் கழற்றினான்.

"இன்னாடா பண்ற?"

"கல்லறைக்குள்ள போய்ட்டு வந்திருக்கோம். ஸ்நானம் பண்ணாம எப்படி?"

ஏரியில் இறங்கி மூன்று முங்கு போட்டான். அது கடல் கலந்த ஏரி. எழுந்து வெயிலில் காய்ந்ததும் உடம்பெல்லாம் உப்பு வெள்ளை பூத்துவிட்டது. இனிமேல் நெற்றிக்குத் திருமண் தனியாகத் தேவையில்லை, உடம்பு பூராவும் இட்டாயிற்று என்றேன். அவனும் சிரித்தான்.

பாய்மரப் படகு ஒன்று எங்களுக்காகக் காத்திருந்தது. ஏரி அகலமே ஒழிய ஆழமில்லை. காற்று அடித்த இடத்தில் பாய் இழுத்தது, இல்லாத இடத்தில் படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளினார். பாதி வழியில் பூநாரைகளைப் பார்த்தோம். தண்ணீருக்கு நடுவில் வெள்ளையும் ரோஸுமாக ஒரு ஊரே நின்றுகொண்டிருந்தது. படகு கிட்டே போனதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. இறக்கைக்கு உள்ளே அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் பேச்சு வராத அந்த ஒரு சமயம் பார்த்துத்தான் ஜெயராஜ் வாயைத் திறந்தான்.

"உங்க கையில ஒண்ணு சொல்லணும். தீவுல ஒரு பொண்ணு கீது. விக்டோரியான்னு பேரு."

பழவேற்காட்டு மாதா கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போடப் போன இடத்தில் பார்த்தானாம். அவளுக்கும் பிடித்துவிட்டது. நேராக அவள் அப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

"அவங்க நைனா இன்னா சொன்னாருன்னா, பையன் நல்லாத்தான் கீற, வேலையும் கீது. ஆனா உனக்குன்னு யாரு கீறாங்க? நாளைக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா நான் யார் ஊட்டு வாசல்ல போய் நிக்கிறது? உன் ஆளுங்கள இட்டுக்கினு வா. வந்து எங்க ஊட்ல கை நனைக்கட்டும். அப்பால பேசலாம்னாரு. காணும் பொங்கலுக்கு வர்றோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

படகில் எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும் என்ற ஒரே காரணத்தால் நான் அவனை அறையவில்லை.

"ஏன்டா, பொண்ணு பாக்கப் போறோம்னு சொல்லியிருந்தா ஒரு நல்ல சட்டையாச்சும் மாட்டிக்கினு வந்திருப்பேனே. மாட்டுக்குப் பூசின வர்ணம் இன்னும் கையில கீது பாரு."

"சொல்லியிருந்தா..." என்று ஜெயராஜ் எம்பாரைப் பார்த்தான்.

விஷயம் அதுதான். பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் சும்மா சாப்பிடுவது இல்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தால் அது சம்மதம். ஒருவன் சாப்பிட்டு, இன்னொருவன் ஓரமாக உட்கார்ந்து தன் மூட்டையை அவிழ்த்தால், கூட வந்த ஆளே இவனை மதிக்கவில்லை என்றாகிவிடும்.

"எனக்குக் கூப்பிட வேற யாருமில்லடா," என்றான் ஜெயராஜ். "நீங்க ரெண்டு பேருதான்."

எம்பார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மூட்டையை அவிழ்த்து, அடுக்கைத் திறந்து, படகுக்காரரிடம் நீட்டினான்.

"நீங்க இன்னும் நாஷ்டா பண்ணலியே. எடுத்துக்கோங்கோ. டேய், நீங்களும் ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கோங்கோ. புளியோதரை ரெண்டு நாள் தாங்காது."

நல்லெண்ணெயில் கிளறிய புளியோதரை இரண்டு நாள் என்ன, மூன்று நாள் தாங்கும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான்கு பேருமாக ஏரி நடுவில் அந்த அடுக்கைக் காலி செய்தோம். அவ்வளவு ருசியான புளியோதரையை நான் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை. இத்தனை நாள் எங்களுக்குக் கொடுக்காமல் இதையா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று கோபமும் வந்தது.

விக்டோரியாவின் அப்பா சின்னராசு கரையிலேயே நின்றிருந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை, பேச்சு மட்டும் சிக்கனம். வாங்க என்றவர், சாப்பாட்டுக்கு நேரமிருக்கிறது, திட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைத்துக்கொண்டு போனார். பனந்தோப்பைக் காட்டினார். ஓலை வேய்ந்த மாதா கோயிலைக் காட்டினார். தீவின் அந்தக் கோடியில் நின்று ஏரியையும் அதற்கப்பால் கடலையும் ஒரே பார்வையில் பார்த்தோம். வேகவைத்த பனங்கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நார் உரித்து உரித்துத் தின்றுகொண்டே நடந்தோம். அதில் எம்பாரும் சேர்ந்துகொண்டான். அவர் வீட்டு உலையில் வெந்த கிழங்கு அது. ஜெயராஜ் என் விலாவில் இடித்தான்.

வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் தனியாகக் கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அதன் மேல் கரி ஏறாத புது மண்பானைகள். விக்டோரியாவின் அம்மா ஈரத் தலையை முடிந்துகொண்டு வந்து எம்பாரிடம் சொன்னார்:

"நீங்க மீன் தொடமாட்டீங்கன்னு ஜெயராஜ் முன்னாடியே சொல்லிச்சு. உங்களுக்கோசரம் பொன்னேரியில வாங்கியாந்த பானை, தம்பி. மீன் பட்ட ஏனம் எதுவும் கிட்ட வரல. தலைக்கு ஊத்திக்கினுதான் ஆக்கினேன்."

எம்பார் அந்தப் பானைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண் கலங்கியதா, அடுப்புப் புகையா என்று கேட்க நான் அப்போது சரியான மனநிலையில் இல்லை. வறுத்த இறாலின் வாசனை வந்துகொண்டிருந்தது.

வரிசையாக இலை போட்டார்கள். சின்னராசுவின் தம்பியும் மைத்துனரும் இன்னும் நான்கைந்து பெரியவர்களும் எதிரே நின்று பார்த்தார்கள். என் இலையில் இறால், நண்டு, மடவை மீன் குழம்பு. எம்பாரின் இலையில் சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, முருங்கைக்கீரை. சாம்பாரில் முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம் மிதந்தது. வெங்காயமும் முருங்கையும் அவன் வீட்டு வாசற்படி தாண்டாது என்று எனக்குத் தெரியும். பாவம், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மீன் இல்லையென்றால் சைவம் என்று நினைத்திருக்கிறார்.

எம்பார் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டான். வாய்க்குள் எதையோ சொன்னான். பிறகு சாப்பிட ஆரம்பித்தான். வெங்காயத்தை ஒதுக்குவான் என்று பார்த்தேன், ஒதுக்கவில்லை. கீரையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். சாப்பிடும்போது பேசுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது, அதனால் தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல், மோர் வரைக்கும் சாப்பிட்டான். எங்கள் ஸ்டோர் கிளார்க் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனான். எனக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போல இருந்தது. ஜெயராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு வெளிச்சம்.

நானும் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். திரும்பிப் பார்த்தால், எதிரே நின்றிருந்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வலை காயப் போட்டிருந்த பக்கம் நடந்தார். விக்டோரியாவின் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

கிணற்றடியில் விக்டோரியா எனக்கு எதிரே வந்து நின்றாள். அதுவரை அவள் எங்களிடம் பேசவில்லை.

"அண்ணே, பொண்ணு வேணான்னா வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இத்தினி பேரு எதிர்ல, எங்கம்மா ஆக்கிப் போட்ட சோத்தைத் துன்னுட்டு, அவரு எதுக்கு இலையைத் தொறந்து போட்டுட்டு எழுந்தாரு?"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் இலைகள் மடிந்து கிடந்தன. எம்பாரின் இலை மட்டும் விரித்தபடி கிடந்தது. அதையும் ஒரு ஆடு வந்து இழுத்துக்கொண்டிருந்தது.

எம்பாரைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா, வெங்காயம் துன்னே, முருங்கக்கீரை துன்னே, மடிக்கிறதுக்கு மட்டும் கை வலிச்சுதா?"

அவன் ஆடு இழுக்கிற இலையைப் பார்த்தான். "எங்காத்துல யாரும் இலையை மடிக்க மாட்டாளேடா. எச்சில் இலை, அப்படியே விட்டுட்டு எழுந்துக்கறதுதான் வழக்கம். மடிக்கணும்னு எனக்குத் தெரியவே தெரியாதே."

நான் வலைப் பக்கம் ஓடி, எம்பார் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். சின்னராசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கலாம் தம்பி. நான் நம்புறேன். ஆனா என் தம்பி பாத்தான், என் மச்சான் பாத்தான். இந்தத் திட்டுல, சம்பந்தம் பேச வந்தவன் இலையைத் தொறந்து வெச்சா, பொண்ணு வேணான்னு அர்த்தம். வாயால சொன்னா சண்டை வரும்னு இலையால சொல்லுவாங்க. அதுக்கு மேல பேச்சில்ல. நான் ஊடு ஊடா ஏறி, ஐயங்காருங்க பழக்கம் இன்னான்னு கதை சொல்லிக்கினு கீறதா?"

"அவனை வந்து மடிக்கச் சொல்றேன் பெரியவரே."

"எதை மடிப்பாரு? ஆடு துன்னுட்டுச்சு."

ஜெயராஜ் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். "உடுங்கடா," என்றான். "படகு எப்போ கெளம்புதுன்னு கேளு." அவன் குரலில் கோபம்கூட இல்லை. இப்படித்தான் ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிய குரல் அது.

எம்பார் அவனைப் பார்த்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராகச் சின்னராசுவிடம் போனான்.

"மாமா, எனக்கு இன்னும் பசி அடங்கலை. இன்னொரு இலை போடச் சொல்லுங்கோ. முன்னாடி பாத்தவா எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்கோ."

சின்னராசு அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார்.

நான் எம்பாரின் கையைப் பிடித்து இழுத்தேன். "பைத்தியமாடா உனக்கு? கடைசி வாய்த் தண்ணி குடிச்சிட்டா ராத்திரி வரிக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே? வயிறு வெடிச்சி சாவப் போறே."

"எங்க ஊர்ப் பெருமாள் என்ன பண்ணினார் தெரியுமோ?" என்றான். "கிழவர் வேஷத்துல ஒரு ரிஷி ஆசிரமத்துக்கு விருந்தாளியா வந்தார். ரிஷி தனக்குன்னு வெச்சிருந்த மாவுல ஒரு பங்கு கொடுத்தார். சாப்பிட்டுட்டுப் போறலைன்னார். மிச்சப் பங்கையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் படுக்க இடம் கேட்டு அங்கேயே படுத்துண்டுட்டார். இன்னிக்கும் படுத்துண்டுதான் இருக்கார். அவர் ரெண்டு தரம் சாப்பிடலாம், நான் சாப்பிடப்படாதா?"

இலை விழுந்தது. இந்த முறை தீவே வந்து நின்றது. விக்டோரியாவின் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் வடித்திருந்ததோ பத்துப் பேருக்கு. புதுப் பானைகளில் ஒன்றும் குறையவில்லை.

முதல் சாப்பாடு சாப்பாடு. இரண்டாவது மல்யுத்தம். சாம்பார் சாதம் வரைக்கும் சுலபமாகப் போனான். கூட்டில் கொஞ்சம் திணறினான். ரசத்துக்கு வரும்போது நெற்றியில் வேர்வை வழிந்து திருமண் கரைந்து மூக்கில் இறங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறினேன். கூட்டத்தில் யாரோ, நிதானமா சாப்பிடட்டும், அவசரப்படுத்தாதீங்க என்றார்கள். முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன சின்னராசுவின் மைத்துனரே ஓடிப்போய் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார். மோர்ச் சோறு வந்தது. எம்பார் கையை வைத்தான், எடுத்தான், கண்ணை மூடினான். ஜெயராஜ் தாங்க முடியாமல், "போதும்டா எம்பார், உட்டுடு," என்றான். எம்பார் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு கவளம், இன்னொரு கவளம். கடைசியில் இலை வெறும் பச்சையாகப் பளபளத்தது.

அப்புறம் அவன் என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. நான் கையால் காட்டினேன். வாழ்நாளில் எச்சில் இலையைத் தொட்டறியாத அந்தக் கை, இலையின் மேல்பக்கத்தைப் பிடித்துத் தன்னை நோக்கி மடித்தது. பிரிந்துவிடுமோ என்று உள்ளங்கையால் ஒரு தரம் அழுத்தியும் விட்டான்.

கூட்டம் போட்ட சத்தத்தில் பனைமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. நான் விசில் அடித்தேன். வெட்கம் என்ன வெட்கம், அப்படி ஒரு ஜெயத்தை நான் எந்தக் கபடிப் போட்டியிலும் பார்த்ததில்லை.

சின்னராசு உள்ளே போய்த் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைப் பெண் வீட்டார் கொடுக்க, பையன் வீட்டுப் பெரியவர்தான் வாங்க வேண்டும்.

"பையன் ஊட்டுப் பெரியவரு யாரு?"

நான் விழித்தேன். ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். சின்ன வயதிலிருந்து எத்தனை இடத்தில் இந்தக் கேள்விக்கு அவன் அப்படிக் குனிந்திருப்பானோ.

"இப்படிக் கொடுங்கோ மாமா," என்று ஒரு குரல் கீழேயிருந்து வந்தது. எழுந்திருக்க முடியாமல், மடித்த இலைக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்த எம்பார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தான். "நான் அவன் அண்ணா."

ஜெயராஜைவிட எம்பார் இரண்டு வயது சின்னவன். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சின்னராசு குனிந்து தட்டை அவன் கையில் வைத்தார். ஜெயராஜ் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.

"மெதுவாடா," என்றான் எம்பார், தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டே. "அண்ணா வயித்துல இடிக்காதே."